சைக்கிளுக்கு எதற்கு மஞ்சள் சட்டி?

பவானிபூரில் பாதாள ரயிலுக்காகத் தோண்டிப்போட்ட பள்ளத்தில் ஒரு தமிழ்க்காரர் சைக்கிளோடு விழுந்துவிட்டாராம். ஆள் பிழைத்துக்கொண்டாராம். லேக் மார்க்கெட்டில் புதிதாக வாங்கிய அலுமினியக் குண்டானை மழைக்காகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனதுதான் காரணமாம். குண்டான் நசுங்கிப்போயிற்றாம். தலையில் கீறல்கூட இல்லையாம்.

இதை நீலாவதியிடம் சொன்னவள், காப்பிப்பொடிக் கடை வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற அமலா. அமலாவுக்குச் சொன்னது அவளுடைய ஓர்ப்படி. ஓர்ப்படிக்குச் சொன்னது யார் என்று விசாரிப்பதற்குள் கடைக்காரர் பொடியை அரைத்துக் கையில் கொடுத்துவிட்டார். விழுந்தவருடைய பெயர் தெரியாது, ஊர் தெரியாது, எந்த ஆபீஸ் என்றும் தெரியாது. நவம்பர் பிறந்ததிலிருந்து கல்கத்தாவில் ஒரு சொட்டு மழை இல்லை; அந்த மழை எங்கே பெய்தது என்பதும் தெரியாது. குண்டானின் அளவு மட்டும் துல்லியமாகத் தெரிந்திருந்தது. இரண்டு படி அரிசி வேகுமாம். ஒரு வதந்தி காலூன்றி நிற்க அது போதாதா?

டாக்குரியாவில் வீட்டு மாடிப்படி ஏறுவதற்குள் நீலாவதி முடிவு செய்துவிட்டாள்.

"என்னங்க, நாளையிலேர்ந்து தலையில கெட்டியா எதையாவது போட்டுக்கிட்டுதான் நீங்க சைக்கிள் ஏறணும்."

"உன் பேச்சையே போட்டுக்கிட்டுப் போறேனே. அதைவிடக் கெட்டியா என்ன இருக்கு?" என்றார் அவள் கணவர் இராஜமாணிக்கம்.

பேச்சு அப்படி வந்ததே தவிர, அவர் இயல்பிலேயே பயந்தவர். இராஜமாணிக்கம் பொன்மலையில் பிறந்தவர். ரயில்வே கணக்கு இலாகாவில் வேலை கிடைத்துக் கல்கத்தாவுக்கு வந்தபோது நல்ல வாலிபம். ஹவுரா ஸ்டேஷனுக்கு வெளியே வந்தவர் எதிர்ச்சாரிக்குப் போகத் தெரியாமல் மதியம்வரை நின்றார் என்றும், கடைசியில் ஒரு சவ ஊர்வலம் வர, அதோடு சேர்ந்து நடந்து சாலையைக் கடந்தார் என்றும் அவருடைய மச்சினன் மாரியப்பன் சொல்லிக்கொண்டு திரிவான். இராஜமாணிக்கம் அதை மறுத்ததில்லை. "சவம் இல்லப்பா, கல்யாண ஊர்வலம்" என்று திருத்துவார், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் சைக்கிள் ஓட்டினால் எப்படி ஓட்டுவார்? டாக்குரியாவிலிருந்து கார்டன் ரீச் ஆபீஸ்வரை எறும்புக்குப் போட்டியாகப் போவார். ஒவ்வொரு முனையிலும் இறங்கி உருட்டுவார். ட்ராம் தண்டவாளம் குறுக்கே வந்தால் இறங்கி, தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோலச் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பார். மாடு படுத்திருந்தால் மணி அடிப்பார். அது எழுந்திருக்காவிட்டால் இவர் சுற்றிக்கொண்டு போவார். மினிபஸ் கண்டக்டர்கள் தூரத்தில் அவர் ஆடி ஆடி வருவதைக் கண்டதுமே பஸ் தகரத்தில் தட்டி, "ஆஸ்தே! சைக்கிள்! ஆஸ்தே!" என்று டிரைவருக்குக் குரல் கொடுத்து வேகத்தைக் குறைக்கச் சொல்வார்கள். கைக்குழந்தைக்காரிக்குக் கொடுக்கிற அதே மரியாதை.

அந்த மந்தகதிக்கும் ஊரில் ஒரு மதிப்பு இருந்தது. தெருப்பையன்களின் கிளப் ஒவ்வொரு ஜனவரியிலும் விளையாட்டுப் போட்டி நடத்தும். அதில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் உண்டு. காலைத் தரையில் ஊன்றாமல், கடைசியாக வந்து சேருகிறவனுக்குப் பரிசு. அந்தப் பந்தயத்தில் இராஜமாணிக்கத்தை வெல்ல ஆள் பிறக்கவில்லை. மற்றவர்கள் வருஷம் முழுவதும் வேகமாக ஓட்டிவிட்டு அன்றைக்கு மட்டும் மெதுவாக ஓட்டப் பார்ப்பார்கள். இவருக்கு அது தினப்படி உத்தியோகம். வீட்டில் மோர் ஊற்றிக் கொடுக்கும் எவர்சில்வர் டம்ளர்கள் எல்லாம் அப்படி வந்தவைதான்.

குண்டான் கதையைக் கேட்டதும் துள்ளியவள் மகள் தாரா. ஜாதவ்பூரில் பி.ஏ. படித்தாள். தமிழில் அவளுக்குக் கோபம் வராது. சண்டை என்றால் வங்காளத்துக்குத் தாவிவிடுவாள். ஒரு வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு சைக்கிள்.

"அப்போ தலையில கெட்டியா போட்டுக்கிட்டா சைக்கிள் ஓட்டலாம்னு நீயே ஒத்துக்கிறியா அம்மா? எனக்கும் அதேதான். போட்டுக்கிறேன், வாங்கிக் குடு."

நீலாவதி காப்பிப்பொடியை டப்பாவில் கொட்டி மூடினாள். பிறகு தீர்ப்பு வந்தது.

"முதல்ல உங்கப்பா இந்தக் குளிர்காலம் முழுக்க ஓட்டட்டும். அவருக்கு ஒண்ணும் ஆகலேன்னா உனக்கும் சைக்கிள். ஏதாவது ஆச்சு, அவரோடதையும் வித்துடுவேன். அப்பாவும் மகளும் சேர்ந்து பஸ்ஸுல தொங்குங்க."

 வீட்டில் நீலாவதி முடிவெடுப்பாள், ஆபீசில் மேலதிகாரி. எந்தச் சந்தில் திரும்புவது, எங்கே நின்று டீ குடிப்பது என்று இராஜமாணிக்கம் தானாக முடிவெடுக்கிற ஒரே இடம் அந்த சைக்கிள் ஸீட்தான். அதுவும் இப்போது ஏலத்துக்கு வந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாரியப்பன் வந்தான். சாந்த்ராகாச்சி யார்டில் அவனுக்கு வேலை. கிரேன் அருகில் நிற்கிறவர்கள் போட்டுக்கொள்கிற மஞ்சள் ஹெல்மெட் ஒன்றை, பழையதென்று கழித்துப்போட்டதை, மாமாவுக்காகக் கேட்டு வாங்கி வந்திருந்தான்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு சும்மாவா சொன்னாங்க? மாட்டுங்க மாமா."

மாட்டினார். அது மூக்குவரை இறங்கி உட்கார்ந்தது.

"மண்டை சின்னதா இருக்கே மாமா. கணக்கு வேலையில தேஞ்சிருச்சோ?"

"உள்ள ஏதாவது கொடுத்து இறுக்கலாம்," என்றாள் நீலாவதி. அலமாரியைத் திறந்து மங்க்கி கேப்பை எடுத்தாள். டிசம்பர் பிறந்தால் கல்கத்தா முழுக்க முகம் மட்டும் தெரிய மாட்டிக்கொண்டு அலையும் அந்தக் கம்பளிக் குல்லாய். அதைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, மேலே மஞ்சள் ஹெல்மெட்டைக் கவிழ்த்து, தாடைப் பட்டையை இறுக்கினாள். இராஜமாணிக்கம் கண்ணாடியில் பார்த்தார். பனங்காய்க்குள்ளிருந்து ஒரு குமாஸ்தா எட்டிப் பார்த்தார்.

மறுநாள் காலை முனைக்கடை டீ பெஞ்சு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கல்கத்தாக்காரர்களுக்குக் காரணம் கிடைத்தால் போதும். எதிர்க்கட்சித் தலைவர் கீழ்வீட்டு ஹால்தார். அவர்தான் வீட்டுச் சொந்தக்காரர்; ஓய்வு பெற்ற பிறகு ஹோமியோபதி மருந்து கொடுக்கிறார். விழுந்தவன், வீங்கினவன் எல்லாரும் ஆர்னிகாவுக்கு அவரிடம்தான் வருவார்கள். ஹெல்மெட்டைக் கண்டதும் தொழில் படுத்துவிடுமோ என்று நினைத்தாரோ என்னவோ.

"ராஜா பாபு, தலை பாரமானால் கழுத்துதான் முறியும். இது விஞ்ஞானம்," என்றார் வங்காளத்தில்.

"அமெரிக்காவில் சைக்கிளுக்கு ஹெல்மெட் வந்துவிட்டதாமே, ஹால்தார் பாபு? பேப்பரில் பார்த்தேன்," என்றார் இராஜமாணிக்கம்.

"மொஷாய், அங்கே ரோடு நல்ல ரோடு. விழுந்தால் அடிபடும். இங்கே எங்கே விழுந்தாலும் சகதி. மெத்தையில் விழுகிறவனுக்கு ஹெல்மெட் எதற்கு?"

பெஞ்சு சிரித்தது. இராஜமாணிக்கம் சைக்கிளை உருட்டிக்கொண்டு நழுவினார்.

முதல் நாள் அவர் எப்போதும்போலத்தான் போனார். கரியாஹாட் முனையில் ஒரு மூட்டைக்காரனின் தலையிலிருந்த கூடை ஹெல்மெட்டில் டொங்கென்று இடித்தது. மூட்டைக்காரன் தலையைத் தடவிக்கொண்டு திட்டினான். இவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏதோ வரம் வாங்கியதுபோல இருந்தது. மறுநாள் ஒரு முனையில் இறங்கவில்லை. அதற்கடுத்த நாள் எந்த முனையிலும் இறங்கவில்லை. மாட்டுக்கு மணி அடித்தார். எழுந்திருக்காத மாட்டை ஒரு அதட்டல் போட்டார். அது எழுந்தே விட்டது! பொங்கல் நெருங்குவதற்குள் அவர் ரிக்ஷாவை முந்தினார், தள்ளுவண்டியை முந்தினார், ஒருநாள் ஆபீஸ் ஸ்கூட்டர் ஒன்றையும் முந்தினார். அது பஞ்சராகி நின்றுகொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

இரண்டு சங்கதிகளை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. மினிபஸ் கண்டக்டர்கள் இப்போது "ஆஸ்தே" என்று கத்துவதில்லை. மஞ்சள் ஹெல்மெட்டைப் பார்த்ததும் யாரோ என்ஜினீயர், விவரம் தெரிந்த ஆள் என்று நினைத்து, முழங்கையை உரசுகிற அளவுக்குப் பக்கத்தில் வந்து போனார்கள். அடுத்தது, மங்க்கி கேப் காதை அடைத்ததில் ட்ராம் மணி அவருக்கு ஏதோ தூரத்துக் கோயில் மணிபோல இனிமையாகக் கேட்டது.

அந்தக் கோயில் மணிதான் அவரைக் காட்டிக்கொடுத்தது. ராஷ்பிஹாரி அவென்யூவில் காப்பிப்பொடி வாங்கிவிட்டு நின்ற தாரா பார்த்துவிட்டாள். ட்ராமுக்கும் லாரிக்கும் நடுவில், பூனை புகத் தயங்கும் சந்தில், அவள் அப்பா குனிந்து மிதித்துக்கொண்டு புகுந்து வெளியே வந்தார். ட்ராம் டிரைவர் எழுந்து நின்று காலால் மணியை மிதித்து, அப்பாவின் மூதாதையர்களை ஒவ்வொருவராக விசாரித்தார். அப்பா திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்து கையசைத்தார்.

மாலையில் மொட்டைமாடியில் வைத்துப் பிடித்தாள்.

"அப்பா, நீங்க எப்பலேர்ந்து சர்க்கஸ்ல சேர்ந்தீங்க?"

"சத்தம் போடாதம்மா. உங்கம்மா காதுல விழும்."

"விழட்டுமே. ஹெல்மெட் போட்டா ஆள் பத்திரமா இருப்பாங்கன்னு அம்மா நினைச்சிட்டிருக்கா. நீங்க மண்டையை மட்டும் பத்திரமா வெச்சுட்டு, மத்ததெல்லாத்தையும் ட்ராமுக்குக் குடுக்கப் பாக்கறீங்க."

"இப்படிப் பேச எங்க கத்துக்கிட்டே நீ?" என்றார் பெருமையும் பயமுமாக. "இப்ப என்ன செய்யணுங்கற?"

"நான் அம்மாகிட்டச் சொல்ல மாட்டேன். பதிலுக்கு, எனக்கு சைக்கிள் வேணும்னு நீங்க அம்மாகிட்டப் பேசணும். வாயைத் திறந்து."

புலிவாலைப் பிடித்தாயிற்று. அன்று ராத்திரி சாப்பாட்டில் அவர் வாயைத் திறந்து, "ஹெல்மெட் ரொம்ப நல்ல சாமான் நீலா," என்று மட்டும் சொல்லிவிட்டு மோரைக் குடித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளப் மைதானத்தில் போட்டி. கயிறு கட்டி, ஒலிபெருக்கி வைத்து, தெருவே கூடியிருந்தது. நீலாவதி புதுப்புடவையில் முன்வரிசையில், டம்ளர் வாங்கிக்கொள்ளத் தயாராக. "இந்த வருஷமும் ராஜா பாபுதான்," என்று ஹால்தாரின் மனைவி, எல்லாருக்கும் பௌதி, அதாவது அண்ணி, ஆன அந்த அம்மாள், அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விசில் ஊதினார்கள். மற்ற நால்வரும் அந்தரத்தில் நின்று நடுங்கினார்கள். இராஜமாணிக்கமும் நின்றுதான் பார்த்தார். ஆனால் கால் கேட்கவில்லை. எத்தனையோ நாளாக ஓடிப் பழகிய கால். சைக்கிள் இப்படியும் அப்படியும் ஆடியது. முன்பெல்லாம் அந்த ஆட்டம் அவருக்குத் தொட்டில் மாதிரி. இப்போது விழுந்துவிடுவோமோ என்று இருந்தது. விழாமல் இருக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழியை அவர் செய்தார். மிதித்தார். மைதானம் வாயைப் பிளந்தது. ஸ்லோ சைக்கிள் ரேஸில் மஞ்சள் ஹெல்மெட் அம்புபோலப் பாய்ந்து, கோட்டைத் தாண்டி, பிரேக் பிடிக்க மறந்து, சமோசாவைச் சிங்காடா என்று விற்கிறவனின் கூடைவரை போய் நின்றது.

"முதலாவதாக வந்து தோற்றவர், நமது ராஜா பாபு!" என்று ஒலிபெருக்கி அலறியது.

எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீலாவதி சிரிக்கவில்லை. இருபது வருஷமாக அந்த மனிதரோடு குடித்தனம் செய்தவள். தாராவின் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு ஏற்கெனவே தெரியும். சொல்லுடி."

தாரா வங்காளத்தில் ஏதோ ஆரம்பித்தாள்.

"தமிழ்ல சொல்லு."

தமிழில் சொன்னதால் முழுவதும் வந்துவிட்டது, ட்ராம் உட்பட.

வீட்டுக்குப் போனதும் நீலாவதி ஹெல்மெட்டைக் கழற்றி வாங்கி, அரிசி டின்னுக்குள் வைத்து மூடினாள். "விழுந்தா காப்பாத்தும்னு மாட்டிவிட்டேன். இது விழறதுக்குத் தைரியம் குடுக்குது. நாளைக்கு வெறுந்தலையோட போங்க. பழைய மாதிரி பயந்து போங்க. பயம்தான் உங்களுக்கு ஹெல்மெட்."

"அப்போ சைக்கிளை விக்கலையா?"

"இன்னும் ஒண்ணும் ஆகலையே. ஆனா உங்கமேல ஒரு கண்ணு வெச்சிருக்கேன்."

வெறுந்தலையில் குளிர் ஏறியதும் இராஜமாணிக்கத்துக்குப் பழைய பயமெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. முனைக்கு முனை இறங்கினார். கண்டக்டர்கள் மறுபடி "ஆஸ்தே!" என்றார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த வேளையில் சரஸ்வதி பூஜை வந்தது. பூஜைக்கு முந்தின நாள் காலை. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ரிக்ஷாவிலும் தள்ளுவண்டியிலும் சரஸ்வதி சிலையை ஏற்றிக்கொண்டு போகிற நேரம். ட்ராம் தண்டவாளத்தை ஒட்டி ஆமைபோல வந்துகொண்டிருந்தார் இராஜமாணிக்கம். எதிரே வெள்ளைப் புடவையில் அன்னத்தோடு தேவி வந்தாள். பி.ஏ. படிக்கிற பெண்ணைப் பெற்றவர், வித்யாதேவி எதிரே வரும்போது சும்மா போக முடியுமா? இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

முன்சக்கரம் நேராகத் தண்டவாள இடுக்கில் இறங்கியது. நடக்கிற வேகத்தில் போனவர்தான். ஆனாலும் சாய்ந்த சாய்வில் நடைபாதை விளிம்பில் பின்மண்டை பட்டது. சிலையோடு வந்த பிள்ளைகள் தேவியை அப்படியே விட்டுவிட்டு இவரைத் தூக்கி ரிக்ஷாவில் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, தலையைச் சுற்றி வெள்ளைத்துணி கட்டி அனுப்பினார்கள். தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்.

மாலையில் மாடியில் மாநாடு. ஹால்தார் ஆர்னிகாப் புட்டியோடு ஏறி வந்திருந்தார். நீலாவதி அழுது முடித்துவிட்டுக் கோபத்துக்கு வந்திருந்தாள்.

"ஆச்சு. நான் சொன்னபடி சைக்கிளை வித்துடறேன்."

"அம்மா, அது செல்லாது," என்றாள் தாரா. "ஹெல்மெட் போட்டு ஏதாவது ஆனாத்தான் விக்கணும். இன்னிக்கு அப்பா வெறுந்தலை. அரிசி டின்லே வெச்சது யாரு?"

"போட்டிருந்தா இந்தத் தையல் இருந்திருக்காது," என்றார் இராஜமாணிக்கம் ஈனக் குரலில்.

"போட்டிருந்தால் கும்பிட்டே இருக்க மாட்டார்," என்றார் ஹால்தார். "தேவி வருவதற்குள் காளிகாட் போயிருப்பார். ட்ராமுக்கு அடியில்."

 நீலாவதி கட்டுப்போட்ட தலையைப் பார்த்தாள். அரிசி டின்னைப் பார்த்தாள். இரண்டு பேர் சொல்வதும் நிஜம் என்றால் ஒரு பொம்பளை எந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்வாள்? பிறகு சொன்னாள்:

"தலையில ஹெல்மெட் இருக்கணும். ஆனா அது இருக்கிறது தலைக்குத் தெரியக் கூடாது. அப்படி ஓட்ட முடியும்னா ஓட்டுங்க, ரெண்டு பேரும்."

மாரியப்பன் இன்னொரு மஞ்சள் ஹெல்மெட் கொண்டுவந்தான். தாராவின் கொண்டைக்கு அது அளவாக உட்கார்ந்தது. மங்க்கி கேப் தேவைப்படவில்லை. அமலாவின் மகள் கல்யாணமாகிப் போனதில் சும்மா கிடந்த லேடீஸ் சைக்கிள் வந்து சேர்ந்தது. கல்லூரிக்குப் போனதும் அங்கே ஆபீசிலிருந்து ஹால்தார் வீட்டுக்கு டெலிபோன் செய்யவேண்டும் என்பது நிபந்தனை.

அந்தத் திங்கள்கிழமை தெருவே வாசலில் நின்றது. தாரா ஏறினாள். இராஜமாணிக்கத்தின் பழைய நடையில், மெதுவாக, ஆடி ஆடி, மாட்டுக்கு மணி அடித்து, சுற்றிக்கொண்டு போனாள். நீலாவதியின் முகம் மலர்ந்தது. பௌதியிடம் ஏதோ சொல்ல அவள் திரும்பினாள்.

இராஜமாணிக்கம் திரும்பவில்லை. தெருமுனையில் அம்மாவின் பார்வை அகன்றதும் தாரா ஸீட்டிலிருந்து எழுந்து பெடலில் நின்றாள். குனிந்தாள். மிதித்தாள். மஞ்சள் புள்ளி முனையில் சாய்ந்து, மறைந்தது. அந்தக் குனிவு எந்தத் தலையின் குனிவு என்று அவருக்குத் தெரியும்.

"மெதுவாத்தானே போறா?" என்றாள் நீலாவதி.

"எறும்பு மாதிரி," என்றார்.

ஹால்தார் மீன் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். கூடத்துக் கதவைத் திறந்துவிட்டுப் பௌதி பூஜையறைக்குப் போய்விட்டாள். முக்காலியில் கறுப்பு டெலிபோன். அதற்கு இரு பக்கமும் புருஷனும் பெண்டாட்டியும் பெண் பார்க்க வந்தவர்கள்போல விறைப்பாக உட்கார்ந்தார்கள். ஜாதவ்பூர் கூப்பிடு தூரம். ஒரு தடவை மணி அடித்தது. நீலாவதி பாய்ந்து எடுத்தாள். ராங் நம்பர்; யாரோ சணல் கிடங்கு முதலாளியைக் கேட்டார்கள். மறுபடி அடித்தது. மறுபடி சணல்.

சுவர்க்கடிகாரத்தை நீலாவதி பார்த்தாள். "இவ்வளவு நேரமா ஆகும்?"

"மெதுவா போறால்ல," என்றார்.  மெதுவாகப் போகவில்லை என்பது அவருக்குத் தெரியும். அப்படியானால் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பெண்டாட்டிக்கு இருக்கிற அந்த ஆறுதல்கூட அவருக்கு இல்லை. பொய் சொன்னவர் அவர்தான்.

"ஏங்க, உங்க முகம் ஏன் இப்படி இருக்கு? என்ன பார்த்தீங்க முனையில?"

டெலிபோன் மணி அடித்தது.

"எடுங்க," என்றாள்.

"நீதானே எடுத்தே இதுவரைக்கும்? நீயே எடு."

"மாட்டேன். அவளா இருந்தா நீங்க பேசுங்க. அவ இல்லேன்னா..." மேலே சொல்லாமல் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சணலாத்தான் இருக்கும் நீலா."

"அப்போ எடுங்களேன்."

அவர் கையை நீட்டினார். முக்காலிக்கும் அவர் விரலுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. கை அங்கேயே நின்றது. உள்ளே பௌதி சங்கு ஊதினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.